கழற்றுதலும் பூட்டுதலும்



மோட்டார்க் காரின் எஞ்சினைக் கழற்றுவதற்கு ஒரு பிற்பகல் போதும். கழற்றியதை மீண்டும் பூட்டி ஓடச் செய்வதற்குச் சிலவேளை ஒரு மாதமும் போதாது. வன்னிப் பெருநிலப்பரப்பு மக்கள் இவ்வுண்மையை ஏட்டிற் படித்து அறிந்தவர்களல்லர். தேவை என்னும் ஆசிரியரிடம் பல்லாண்டுகள் பயின்று அறிந்தவர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் ஊர்களில் வீட்டுக் கொட்டிலின் கீழும் மரநிழலிலும் கார் எஞ்சின்கள் எவ்வாறு புதுப்பிக்கப்பட்டன, அதற்கான காரணம் யாது, அவ்வேலையின் நுட்பங்கள் எவை என்பன பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, வடபகுதிக்குச் செல்லும் பொருள்கள் பலவற்றிற்குத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி முதலியன தடைப்பட்டன. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் வந்துகொண்டிருந்தது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி பன்னிரண்டு ஆண்டுகளாக மூடப்பட்டிருந்து, 2002 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. இதற்கிடையில், 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய மக்களுட் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். காடும் குளமும் வயலுமாகப் பரந்து கிடக்கும் அந்நிலத்தில் ஊருக்கு ஊர் தூரம் அதிகம். இரவில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வேதனை கண்டாலும், ஒருவரைப் பாம்பு தீண்டினாலும், மல்லாவிக்கோ அக்கராயனுக்கோ புதுக்குடியிருப்புக்கோ கொண்டு சேர்க்க ஒரு வாகனம் வேண்டும். அவ்வாகனம் பெரும்பாலும் ஒரு பழைய ஒஸ்ரின் காராகவோ மொறிஸ் மைனராகவோ இருந்தது. அது மண்ணெண்ணெயில் ஓடிற்று.

இப்பழைய கார்கள் மட்டும் மண்ணெண்ணெயில் ஓடியமைக்குக் காரணம் உண்டு. 1948 ஆம் ஆண்டு முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1956 க்குப் பின் வந்த மைனரில் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதே இனத்தைச் சேர்ந்த எஞ்சின் முதன்முதலில் 1951 இல் ஒஸ்ரின் ஏ30 காரில் இடம்பெற்றது. பற்பல மாற்றங்களுடன் 2000 ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. அதன் அமைப்பு எளியது. காற்றையும் எரிபொருளையும் கலப்பதற்கு ஒரு காபரேற்றர். தீப்பொறியைப் பகிர்ந்தளிப்பதற்கு ஒரு டிஸ்ரிபியூற்றர். இவற்றைக் கட்டுப்படுத்த மின்னணுக் கருவி எதுவும் இல்லை. எரிபொருட் கலவையைச் சிலிண்டருக்குள் அழுத்தும் விகிதமும் குறைவு. அக்காலத்து எஞ்சின்கள் பல, கலவையை ஏறக்குறைய ஏழு அல்லது எட்டு மடங்கு மட்டுமே அழுத்தின. இன்றைய பெற்றோற் கார்கள் பத்து மடங்கும் அதற்கு மேலும் அழுத்துவன.

அழுத்தம் குறைவாயிருத்தல் இங்கே நன்மையாயிற்று. இன்று இலங்கையில் விற்கப்படும் பெற்றோல் 92, 95 என்னும் ஒக்ரேன் எண்களையுடையது. அழுத்தும்போது தன்பாட்டில் வெடித்துவிடாமல், தீப்பொறிக்குக் காத்திருக்கும் தன்மையையே ஒக்ரேன் எண் குறிக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அத்தன்மை மிகவும் குறைவு. அழுத்தம் கூடிய எஞ்சினில் அதை ஊற்றினால் உள்ளே சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை எழும். பிஸ்டனும் காலப்போக்கிற் சேதமுறும். பழைய எஞ்சின் இக்குறையை ஓரளவு பொறுத்துக்கொண்டது. மேலும், மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாவதில்லை. ஆகவே சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினைத் தொடக்கி, அது நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இம்முறை முற்றிலும் புதியதன்று. இங்கிலாந்தில் 1940 களின் இறுதியில் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை, பெற்றோலிற் தொடங்கி, மண்ணெண்ணெயை ஒத்த ஓர் எண்ணெயில் ஓடுமாறே அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் எஞ்சின் அதற்கென்றே வகுக்கப்பட்டது. மொறிஸ் மைனரின் எஞ்சின் அவ்வாறு வகுக்கப்பட்டதன்று.

அதன் விளைவை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் துளிகளாகச் சிலிண்டரின் சுவரிற் படிகிறது. அங்கே பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் காவலாக இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. பின்னர் றிங்குகளைக் கடந்து கீழிறங்கி, அடித்தொட்டியிலுள்ள ஒயிலோடு கலக்கிறது. ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். ஊற்றாத ஒயில் கூடினால் மகிழ்வதற்கு இடமில்லை. அது நீர்த்துப்போயிற்று என்பதே பொருள். நீர்த்த ஒயில் கிராங்குத் தண்டின் பெயறிங்குகளைத் தாங்காது. மேலே கரி படியும். நடுவே சிலிண்டர் தேயும். கீழே பெயறிங் தட்டும். இவ்வாறு, மண்ணெண்ணெயில் ஓடிய ஒவ்வொரு காரும் சில காலத்தின் பின் திறக்கப்பட வேண்டியதாயிற்று. அக்கார்களை ஓட்டியது மண்ணெண்ணெய் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அவற்றை ஓடவைத்தது, மண்ணெண்ணெய் கெடுத்ததை மீண்டும் மீண்டும் திருத்திப் பூட்டிய கைகளே.

இனி அவ்வேலையின் முறையைப் பார்ப்போம். முதலில் இடம். வன்னியின் சோளகக் காற்றுக் காலத்தில் வீதிப் புழுதி எங்கும் படியும். ஒரு மணல் மணி பெயறிங்குக்குள் அகப்பட்டாற் போதும். ஒரு மாத உழைப்பு ஒரு நாளில் வீணாகிவிடும். ஆகவே எஞ்சினைத் திறக்குமுன் நிலத்துக்கு நீர் தெளிக்க வேண்டும். காற்றுப் படாத பக்கத்தில் மேசை போட வேண்டும். வெளுத்த பழந்துணிகளை நிறைய வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஒழுங்கு. புதியவர் எல்லா நட்டுகளையும் ஒரே தகரப் பேணியிற் போடுவார். அனுபவசாலியோ ஒரு கடதாசி அட்டையில் எட்டுத் துளைகள் இட்டு, எட்டு வால்வுகளையும் அவை இருந்த வரிசையிலேயே குத்தி வைப்பார். வால்வுகளை உந்தும் கம்பிகளும் அவ்வாறே. பல்லாண்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய உறுப்புகள், தத்தம் துணையோடு சேர்ந்தாலன்றிச் சீராக இயங்கமாட்டா. கிராங்குத் தண்டைப் பற்றியிருக்கும் பிஸ்டன் தண்டின் மூடிகளை இடம் மாற்றுவதோ, முன்பின்னாகத் திருப்பிப் போடுவதோ ஒருபோதும் ஆகாது. சிலிண்டர்த் தலையின் நட்டுகளையும் ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முற்றாகத் தளர்த்திவிட்டு மறுபக்கத்துக்குச் சென்றால் தலை வளைந்துவிடக்கூடும்.

மூன்றாவது கழுவுதல். கரியைச் சுரண்டி, ஒவ்வோர் உறுப்பையும் தட்டமொன்றிலுள்ள மண்ணெண்ணெயிலிட்டுத் தூரிகையாற் கழுவுவர். எஞ்சினைப் பொறுத்தவரை மண்ணெண்ணெய்க்கு உரிய இடம் இந்தத் தட்டமே. வேறு வழியில்லாத காலத்திலேதான் அது எரிபொருட் தாங்கிக்குள் ஏறிற்று. கழுவும் இடத்துக்கு அருகில் அடுப்போ விளக்கோ இருத்தலாகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நான்காவது அளத்தல். இதுவே வேலையின் உயிர். சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அறிய நகரத்துக் கராச்சில் அதற்கென ஒரு கருவி உண்டு. அது இல்லாத இடத்தில் ஒரு பிஸ்டன் றிங்கும், இடைவெளி பார்க்கும் மெல்லிய தகட்டுக் கட்டும் போதும். றிங்கைச் சிலிண்டரின் அடிப்பகுதியில், தேயாத இடத்தில் வைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக்கி, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பின்னர் அதே றிங்கை மேற்பகுதியில், தேய்வு மிகுந்த இடத்தில் வைத்து அளக்க வேண்டும். கீழே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கும், மேலே 25 பங்கும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 15. வட்டத்தின் சுற்றளவு அதன் விட்டத்தைப்போல் 3.14 மடங்கு என்று பள்ளிக்கூடத்திற் படித்திருக்கிறோம். ஆகவே 15 ஐ 3.14 ஆல் வகுத்தால், சிலிண்டரின் விட்டம் ஏறக்குறைய ஆயிரத்தில் 5 பங்கு கூடியிருக்கிறது என்பது புலனாகும். இவ்வளவு தேய்வுக்குப் புது றிங்குகள் போட்டுச் சமாளிக்கலாம். இதைப்போல் இருமடங்கு தேய்ந்திருந்தால், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய அளவுப் பிஸ்டன் போடுவதே முறை. அது வீட்டில் ஆகக்கூடிய வேலையன்று.

புது றிங் போடுவதாயினும், சிலிண்டரின் மேல்விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பை முதலில் அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் புது றிங் அதில் இடித்து உடையும். பின்பு சுவரை நுண்ணிய உரைதாளாற் குறுக்கு நெடுக்காகத் தேய்த்து, சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு கழுவ வேண்டும். வெள்ளைத் துணியாற் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். துருப்பிடிக்குமுன் ஒயில் பூச வேண்டும்.

கிராங்குத் தண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெயறிங் தளர்ந்து தட்டத் தொடங்கினால், அதன் மூடியை அரத்தால் அராவி இறுக்கிவிடும் வழக்கம் ஒன்று இருந்தது. ஓசை சில நாள்களுக்கு அடங்கும். ஆனால் வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகிவிடும். அதன்பின் சரியான பெயறிங் கிடைத்தாலும் அது அங்கே பொருந்தாது. தண்டு கீறுண்டிருந்தால் அதைக் கடைந்து, ஆயிரத்தில் 10, 20, 30 பங்கு என்று அளவு குறைத்துச் செய்யப்பட்ட பெயறிங்குகளைப் போடுவதே நெறி. உதிரிப் பாகம் வராத காலத்தில் மனிதர் என்ன செய்வர்? கைவிடப்பட்ட வேறொரு காரிலிருந்து தேய்வு குறைந்த உறுப்பைத் தேடி எடுப்பர். வன்னியில் ஒரு கார் ஓடியதென்றால், அதற்குள் வேறு சில கார்களின் உறுப்புகளும் ஓடின என்று கொள்ளலாம். அதே 1990 களில், இலங்கையின் தெற்கிலே மொறிஸ் மைனருக்கான உறுப்புகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. கடல் கடந்து சென்ற அவ்வுறுப்புகள் வவுனியாவைக் கடந்து வடக்கே வருதல் அரிதாயிருந்தது.

வால்வுகளை அவற்றின் இருக்கைகளோடு பசை தடவி அரைக்கும் வேலை பொறுமையைச் சோதிப்பது. அங்குமிங்குமாகச் சுழற்றி, இடையிடையே தூக்கி வைத்து அரைக்க வேண்டும். சுற்றிவர அறுபடாத ஒரு சாம்பல் நிற வளையம் தோன்றினால் வால்வு நன்றாக அமர்கிறது என்று பொருள். வால்வை மூடி, அதன்மேற் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம், கசியாவிட்டால் வெற்றி. பசையைத் துளியும் மிச்சமின்றிக் கழுவிவிட வேண்டும்.

இனிப் பூட்டுதல். ஒவ்வோர் உராயும் பரப்பிலும் புது ஒயில் தடவ வேண்டும். கிராங்குத் தண்டை வைத்து ஒரு மூடியை இறுக்கியதும், தண்டைக் கையாற் சுழற்றிப் பார்க்க வேண்டும். அடுத்த மூடியை இறுக்கியதும் மீண்டும் சுழற்ற வேண்டும். எந்த மூடியோடு சுழற்சி கனத்ததோ அதிலேயே பிழை உண்டு. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுப் பின்னர் சோதிப்பவர் எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற நேரும். றிங்குகளின் இடைவெளிகள் ஒரே நேர்கோட்டில் வராதவாறு பிரித்து வைத்து, ஒரு தகரப் பட்டையால் அவற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, பிஸ்டனைச் சிலிண்டருக்குள் மெல்லத் தட்டி இறக்க வேண்டும். நேரங்காட்டும் சங்கிலியின் இரு பற்சில்லுகளிலும் ஒவ்வொரு புள்ளி உண்டு. அப்புள்ளிகள் ஒன்றையொன்று நேராக நோக்க வேண்டும். ஒரு பல் பிசகினாலும் எஞ்சின் தன் வலுவை இழந்துவிடும்.

இறுக்கும் வலுவையும் அளந்தே இறுக்க வேண்டும். 948 எஞ்சினில் கிராங்குத் தண்டின் பெருமூடிகளுக்கு 60 இறாத்தல்-அடி, பிஸ்டன் தண்டின் மூடிகளுக்கு 35, சிலிண்டர்த் தலைக்கு 40 என்பது கணக்கு. இதற்கான விசேட ஸ்பனர் இல்லையெனில் மனந்தளர வேண்டியதில்லை. ஸ்பனரின் பிடியில், நட்டின் நடுவிலிருந்து சரியாக ஓரடி தூரத்தில் ஒரு சுருள்வில் தராசைக் கொளுவி, ஸ்பனருக்குச் செங்குத்தாக இழுத்தால், தராசு 40 இறாத்தல் காட்டும்போது நட்டில் விழுவது 40 இறாத்தல்-அடி. சிலிண்டர்த் தலையைப் பூட்டும்போது நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்க வேண்டும். கழற்றிய ஒழுங்குக்கு இது நேர்மாறு.

வால்வின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. இதைச் சரிசெய்வதற்கு நினைவில் வைக்க எளிதான ஒரு கணக்கு உண்டு. முன்னிருந்து பின்னாக வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். முதலாவது வால்வு முற்றாகத் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யலாம். மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவது. ஐந்தாவது திறந்திருக்கும்போது நான்காவது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். எழுத்தறியாத ஒருவரும் இக்கணக்கை மறக்கமாட்டார்.

முதன்முறை தொடக்குமுன், தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றிவைத்து, ஒயில் எங்கும் பரவும்வரை எஞ்சினைச் சுழற்ற வேண்டும். பின்னர் திறந்த வெளியில், புகை சேராத இடத்தில் தொடக்க வேண்டும். முதல் 500 மைலுக்கும் வேகத்தையும் பாரத்தையும் குறைத்து ஓட்டி, பின்பு ஒயிலை மாற்றி, தலையின் நட்டுகளையும் வால்வு இடைவெளியையும் மறுபடி பார்க்க வேண்டும். நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் கார், காட்டு வழியில் நின்றுவிடக்கூடாதென்றால், இவற்றுள் எதையும் தவிர்க்க இயலாது. வன்னியில் எஞ்சின் பூட்டியவரின் கையில் ஒரு நட்டு மட்டும் இருக்கவில்லை. சிலவேளை ஓர் உயிரும் இருந்தது.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபோது, முள்ளிவாய்க்கால்க் கரையில் மக்கள் விட்டுச் சென்ற வாகனங்கள் குவிந்து கிடந்தன. எத்தனையோ முறை கழற்றிப் பூட்டப்பட்ட எஞ்சின்கள், இனிப் பூட்டுவாரின்றி அங்கே துருவேறின. ஏ9 வீதி மீண்டும் திறக்கப்பட்டது. புதிய வாகனங்கள் வந்தன. இன்றைய கார்களைச் சிறு கணினிகள் நிர்வகிக்கின்றன. அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றுவது பெருந்தவறு. பழைய காரிலும், பெற்றோல் கிடைக்கும்போது அதைச் செய்ய ஒரு நியாயமும் இல்லை. எனினும், 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றபோது, பங்கீட்டு அட்டையும் பழைய உபாயங்களும் எல்லோருடைய பேச்சிலும் வந்ததை நாம் மறக்கவில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 இல் திறக்கப்பட்டது. மோட்டார் வாகனத் தொழிலையும் அங்கே இளைஞர் கற்கின்றனர். அருகிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இருக்கிறது. அங்கே நல்ல கருவிகள் உள்ளன. நல்ல நூல்களும் உள்ளன. ஆனால் றிங்கையும் பள்ளிக்கூடக் கணக்கையும் கொண்டு சிலிண்டரை அளந்தவர்கள், சுருள்வில் தராசால் நட்டு இறுக்கியவர்கள், அந்நிறுவனங்களுக்குச் சில மைல் தூரத்திலேயே முதுமையடைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுட் பலர் தாம் அறிந்ததை எழுதிவைத்தவர்களல்லர். எது சரியான முறை, எது இடரில் கைக்கொண்ட தற்காலிக முறை, எது ஒருபோதும் செய்யத்தகாதது என்று பிரித்துச் சொல்ல வல்லவர்கள் அவர்களே. ஒரு பழைய எஞ்சினை மேசைமீது வைத்து, அவர்களுள் ஒருவரை அழைத்து, மாணவர் சூழ நிற்க அதைக் கழற்றிப் பூட்டச் சொன்னால், அந்த ஒரு நாட்பாடம் வீணாகாது.

நேயர்களே, உங்கள் ஊரிலும் அத்தகைய ஒருவர் இருப்பார். அவர் கழற்றும்போது அல்ல, பூட்டும்போது அருகே சென்று நின்று பாருங்கள்.